கீழே உன்னுடையது, மேலே என்னுடையது

கல்யாணமாகி நீ புனேவுக்குப் போன பிறகு பால்கனியில் துணி காயப்போட இடம் வந்துவிட்டது. உன் அப்பாவுக்கு அதில் சந்தோஷம். சட்டையில் மரத்தூள் இல்லாமல் ஆபீஸுக்குப் போகிறேன் என்று கொஞ்ச நாள் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சாயங்காலம் அவரே பால்கனிக்குப் போய், உன் ரம்பத்தையும் உளிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தார். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். என்ன என்று நான் கேட்கவில்லை. இந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்பதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும்.

தினமும்தான் போனில் பேசுகிறோம். ஆனால் போனில் நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். சாப்பிட்டாயா, அங்கே மழையா, கதிர் வந்தாச்சா என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது. எழுத உட்கார்ந்தால்தான் முழு வாக்கியம் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அடையாற்றிலிருந்து உன் பெரியம்மா வந்திருந்தார் இல்லையா, உன்னை ஸ்பீக்கரில் போட்டு உன் தலை தீபாவளியைப் பற்றிப் பேசினோமே, அதில் நான் சொன்ன பதில் ஒரு வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பெரியம்மா என்னிடம் தன்மையாகத்தான் பேசினார். "இங்க பாரும்மா, தப்பா எடுத்துக்காத. தலை தீபாவளின்னா பொண்ணோட அம்மா வீட்டுலதான். என் தங்கச்சி இருந்திருந்தா அவ செஞ்சிருப்பா. இப்ப அவ எடத்துல நான்தான செய்யணும்?" என்றார். அவர் கண் கலங்கியது உனக்குப் போனில் தெரிந்திருக்காது. உன் அப்பா எழுந்துபோய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு நின்றார். நீதான் கேட்டாய்: "நீங்க என்ன சொல்றீங்க?" அது என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி. எல்லோருக்கும் தெரிந்தது. நான், "எனக்கு எங்கன்னாலும் சரிம்மா. அடையாறு என்ன தூரமா?" என்றேன். பிறகு "சரிங்க, பாக்கலாம்" என்றாய்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது, உனக்குப் பன்னிரண்டு. உன் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சித்தி என்று கூப்பிடு, சித்தி என்று கூப்பிடு என்று வந்தவர் போனவர் எல்லாம் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நீ மறுக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடாமலேயே பேசுவதற்கு நீயாக ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாய். "ஏங்க, பால் பொங்குது." "ஏங்க, கீழ கேஸ்காரர் வந்துருக்காரு." உன் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்காது. "ஏங்கன்னு என்னக் கூப்பிடத்தான் ஒருத்திய கூட்டிட்டு வந்தேன். இப்ப யாரு கூப்பிட்டாலும் ரெண்டு பேரு திரும்பிப் பாக்கறோம்" என்பார். எனக்கு அந்த 'ஏங்க' பழகிவிட்டது. இப்போது நீ அதை மாற்றினால்தான் யாரையோ கூப்பிடுகிறாய் என்று நினைப்பேன்.

எங்கள் கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் ஒரு மரப்பெட்டி இருந்தது. பக்கவாட்டில் சின்னக் கைப்பிடி. அதைச் சுற்றினால் மூடியின் மேல் நிற்கும் மரங்கொத்தி தலையை ஆட்டிக் கொத்தும். பேட்டரி கிடையாது, சாவி கிடையாது. நம் கை சுற்றும் வரைக்கும் அது பறவை, கை நின்றால் மரம். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் நீ அதைக் கூடத்துத் தரையில் பிரித்துப் போட்டிருந்தாய். மரங்கொத்தியின் அலகு உடைந்து கிடந்தது. நீ என் முகத்தையே பார்த்தாய், திட்டுவேன் என்று காத்திருந்தாயோ என்னவோ. எனக்குத் திட்டத் தோன்றவில்லை. உள்ளே இவ்வளவுதானா என்று ஆச்சரியமாக இருந்தது. ஓர் அச்சு, அதில் கோத்த ஒரு மரச்சக்கரம், சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு குச்சி. நீ அந்தச் சக்கரத்தை எடுத்து நீட்டி, "இது வட்டமே இல்லைங்க. வட்டமா இருந்தா மேல ஒண்ணுமே ஆடாது" என்றாய். வீட்டுக் காரியத்துக்காக அல்லாமல் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. இன்று வரைக்கும் நான் கேட்ட புத்திசாலித்தனமான பேச்சுகளில் அதுவும் ஒன்று.

அந்தப் பெட்டியை நீ திரும்ப மூட்டினாய். ஆனால் பழைய சக்கரத்தை எறிந்துவிட்டு, நத்தை ஓடு மாதிரி ஒன்றை நீயே அறுத்துப் போட்டிருந்தாய். பறவை இல்லாத பெட்டியை, ஒரு புத்தகத்துக்காக நான் பிழை திருத்த வைத்திருந்த தாள்கட்டின் மேல் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாய். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். குச்சி மெதுவாக, மெதுவாக மேலே ஏறி, உச்சியில் டக்கென்று விழுந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று பல நாள் அதையே சுற்றிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் விடை கிடைத்தது. பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உன் அப்பா. தலை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்து, தாடை நெஞ்சில் படும்போது வெடுக்கென்று பின்னால் போகும், திரும்பவும் சாயும். ஆப்பிள் பெட்டியிலிருந்து பெயர்த்த பலகையில், காய் நறுக்கும் கத்தியால் அவரைச் செதுக்கினேன். கழுத்தில் ஓர் ஆணி. குச்சி பின்னந்தலையை மெல்லத் தள்ளும், குச்சி விழுந்ததும் தலை பின்னால் விழும். மெல்லிய கம்பியை வளைத்துக் கண்ணாடி கூடப் போட்டேன். நீ வந்து சுற்றிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நிஜ அப்பா விழித்துக்கொண்டார். "என்ன சத்தம் அங்க? நான் தூங்கல, படிச்சுட்டுதான் இருக்கேன்." அவர் சொல்லி முடிப்பதற்குள் மர அப்பாவின் தலை மறுபடியும் சாய்ந்துகொண்டிருந்தது.

அதிலிருந்துதான் நம் சட்டம் வந்தது. யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. மூடிக்குக் கீழே உன்னுடையது, மூடிக்கு மேலே என்னுடையது. நீ அசைவைச் செய்து பெட்டியை வைத்துவிட்டுப் போவாய். இது என்ன என்று நான் கேட்கக் கூடாது. எந்த உயிர் இப்படி அசையும் என்று நானே கண்டுபிடித்துச் செதுக்கி வைக்க வேண்டும். சரியாக இருந்தால் "இது சரி" என்பாய். மாம்பலம் ஸ்டேஷன் படியில் கூட்டத்தை எதிர்த்து ஏறுகிறவர், பாண்டி பஜாரில் விலை கேட்டுவிட்டுப் போவது போல் போய்த் திரும்பி வரும் அம்மாள், பெசன்ட் நகர் மணலில் அலைக்குப் பயந்து பின்னால் ஓடும் ஆள், எல்லாம் அப்படி வந்தவைதான். நான் எவ்வளவோ புத்தகம் படித்திருக்கிறேன். உன் பெட்டிகளைப் படித்த கவனத்தோடு வேறு எதையும் படித்ததில்லை.

தி.நகரில், சோபா செய்யும் பட்டறைக்குத் துண்டுக் கட்டை பொறுக்கப் போவோமே, அங்கே பட்டறைக்கார பாய் ஒரு நாள் கேட்டார், நினைவிருக்கிறதா? "இன்னாமா, மறுபடியும் துண்டுக்கா வந்துகீறீங்க? சோபா எப்பதான் வாங்கப் போறீங்க? ஆமா, நீங்க அக்கா தங்கச்சியா?" என்ன சொன்னாலும் உனக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். நீ கட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "இல்ல பாய், நாங்க ஒண்ணா வேல செய்றோம்" என்றாய். பாய்க்கு அது போதுமானதாக இருந்தது. "அப்ப தேக்குல ஒரு துண்டு சேத்து எட்த்துக்கோங்க" என்றார். வீடு வரும் வரைக்கும் ஆட்டோவில் அந்தத் தேக்குத் துண்டை நான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நீ வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். நீ சொன்ன அந்த நான்கு வார்த்தைகளை எனக்கு வேண்டிய பக்கம் எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

தவறாகப் படித்ததும் உண்டு. நீ பத்தாவது படித்த வருடம், இரண்டு குச்சிகள் உள்ள ஒரு பெட்டி கொடுத்தாய். ஒன்று இப்படியும் அப்படியும் லேசாகத் திரும்பும். இன்னொன்று மேலிருந்து கீழே மெதுவாக வந்து, வந்து போகும். ஒரு பெண், முன்னால் உட்கார்ந்திருக்கும் சிறுமிக்குத் தலை வாருவது போலச் செய்து வைத்தேன். சிறுமி தலையைத் திருப்பத் திருப்ப, சீப்பு இறங்கி இறங்கி ஏறியது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நீ ஒரு தடவை சுற்றினாய். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரண்டு உருவங்களையும் கழற்றி, துணியால் துடைத்து, என் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அந்த வாரம் நாம் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினோம். பிறகு நான் அதே குச்சிகளின் மேல், பட்டினப்பாக்கத்தில் மீன் செதில் சுரண்டும் அம்மாளையும், பக்கத்தில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பூனையையும் வைத்தேன். "இது சரி" என்றாய். உனக்குத் தலை வாரிய உன் அம்மாவின் கையை நான் எடுத்துக்கொண்டதாக உனக்குப் பட்டதா, அல்லது வெறுமனே பொம்மை நன்றாக இல்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கக் கூடாது என்பதுதான் நம் சட்டமாயிற்றே. பெட்டிக்கு என்று போட்டுக்கொண்ட சட்டத்தை, எப்போது என்று தெரியாமல், சாப்பாட்டு மேசைக்கும் உன் அறை வாசலுக்கும் சேர்த்துப் போட்டுக்கொண்டுவிட்டோம்.

இனி, நீ விட்டுச்சென்ற பெட்டிக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் கிளம்பிப் போன பிறகு, பால்கனியில் உன் வேலைப் பலகை மேல் அது இருந்தது. மூடியில் நீளமாக ஒரு பிளவு, அதில் துருத்தி நிற்கும் ஒரு சின்ன மரமுளை. கைப்பிடியைச் சுற்றினால் முளை முன்னால் போகும், பின்னால் வரும். ஆனால் போகும்போது மட்டும் பாதி வழியில் நிற்கும். ஒரு கணம் யோசிப்பது போல் இருக்கும், சின்னதாக நடுங்கும், அப்புறம்தான் மிச்ச தூரம் போகும். அந்த நடுக்கத்தைப் பார்த்து நான் எத்தனை சாயங்காலத்தைக் கழித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். பலகையில் வாசல் நிலை ஒன்று செய்தேன். முளையின் மேல், தோளில் பை மாட்டிய ஒரு பெண்ணை நிறுத்தினேன். சரியாக வாசற்படியில் அவள் நிற்பாள், நடுங்குவாள், பிறகு தாண்டிப் போவாள். நீ வாயால் சொல்லாததை எல்லாம் இதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய் என்று நினைத்தேன். உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு தடவை சுற்றிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு" என்றார்.

பெரியம்மா வந்துபோன மறுநாள், உன்னிடம் வழக்கம்போல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது என்னையறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது: "அந்தப் பெட்டில போறப்ப பாதியில நிக்குதே, அது என்னம்மா?"

"எந்தப் பெட்டி? ஐயோ, அதுவா! அதப் போய் எடுத்தீங்களா? கல்யாண அவசரத்துல முடிக்காமயே வெச்சுட்டு வந்துட்டேங்க. நிக்குதா? எங்க நிக்குது?"

"நடுவுல. நின்னு, நடுங்கிட்டு, அப்புறம் போகுது."

"சக்கரத்துல பின்னு கழண்டுருக்கும். அடிச்சு இறுக்குங்க, சரியாயிடும்." அப்புறம் சந்தேகம் வந்து கேட்டாய், "ஏங்க, நீங்க அதுக்கு மேல ஏதாச்சும் செஞ்சு வெச்சுட்டீங்களா?"

"ஒரு பொண்ணு. வாசல்ல நிக்கற மாதிரி."

நீ சிரித்தாய். பக்கத்திலிருந்து கதிர் என்ன என்ன என்று கேட்பதும், நீ சொல்ல முடியாமல் சிரிப்பதும் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. சிரித்து முடித்த பிறகு சாதாரணமாகத்தான் சொன்னாய்: "கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனேங்க."

போனை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு வருடத்தில் மூடிக்குக் கீழே நான் கை வைத்தது அதுதான் முதல் தடவை. நீ சொன்னது போலவே சக்கரத்தை அச்சோடு பிடிக்கும் ஒரு மூங்கில் பின் பாதி வெளியே வந்திருந்தது. தட்டி இறுக்கினேன். இப்போது அந்தப் பெண் வாசற்படியில் நிற்பதில்லை. தயங்காமல் தாண்டிப் போகிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கழன்ற பின்னை உன் மனசு என்று நினைத்துக்கொண்டு அத்தனை நாள் இருந்தேனே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. நீ என்னை நினைத்து ஏங்குகிறாயா என்று கேட்பதற்குப் பதிலாக நான் ஒரு மரமுளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையில் ஏங்கிக்கொண்டிருந்தது யார் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

கல்யாணமான பெண்ணுக்கு எழுதும் கடிதத்தில் புத்திமதி சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. கதிர் நல்ல பையன். அவனிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு, கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்காதே. உனக்கு அந்தத் திறமை உண்டு. வருத்தமோ ஆசையோ கோபமோ, எதுவாக இருந்தாலும் அழகாக அறுத்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, மூடி போட்டு ஆணி அடித்துக் கொடுத்துவிடுவாய். சுற்றிச் சுற்றிப் பார்க்க எனக்கு நேரம் இருந்தது, பிழைப்பே வீட்டில் உட்கார்ந்து பிழை திருத்துவதுதான். அவன் காலையில் போய் இரவில் வருகிறவன். அவன் தப்பாகப் படித்தால் நீ ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவாய். வேண்டாம். வாயால் சொல்லிவிடு. சொன்னால் மதிப்புக் குறைந்துபோகும் என்று நாம் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். குறைவதாக எனக்குத் தெரியவில்லை. பின் கழன்றிருக்கும் என்று நீ சொன்னதால் உன் வேலை மேல் எனக்கு மரியாதை குறைந்துவிட்டதா என்ன?

இதை உனக்குச் சொல்லிவிட்டு நான் மட்டும் பழையபடி இருப்பது நியாயமில்லை. அதனால் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது உண்மையில்லை. எங்கே என்றாலும் எனக்குச் சரியில்லை. தலை தீபாவளிக்கு நீயும் கதிரும் மயிலாப்பூருக்கு, இந்த வீட்டுக்கு வர வேண்டும். அன்றைக்குக் காலையில் உங்கள் இரண்டு பேர் தலையிலும் நான் எண்ணெய் வைக்க வேண்டும். பெரியம்மாவையும் முந்தின நாளே இங்கே வரச் சொல்லலாம். அவரிடம் நானே அடையாற்றுக்குப் போய்ப் பேசுகிறேன். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், தங்கையை இழந்தவருக்கு அந்த உரிமை உண்டு. முதல் எண்ணெயை அவரே வைக்கட்டும், நான் அடுத்து வைக்கிறேன். உன் அம்மாவின் இடத்தை நான் கேட்கவில்லை. அது உன் அம்மாவுடையதுதான், அங்கே யாரும் உட்கார முடியாது. உன்னோடு ஒன்றாக வேலை செய்தவளுக்கு என்று ஏதாவது ஓர் இடம் இருக்கும் அல்லவா? அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. பெயர் இல்லாமலே போகட்டும். அந்த இடத்திலிருந்துதான் கேட்கிறேன்.

வருகிறாய் என்றால் வருகிறேன் என்று சொல். அடையாற்றுக்குப் போவதுதான் உனக்கு நிம்மதி என்றால் அதையும் சொல். எனக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இன்ன கஷ்டம் என்று தெரிந்த கஷ்டமாக இருக்கும். முறுக்கு சுட்டு அடையாற்றுக்கு எடுத்துக்கொண்டு வருவேன். 'பாக்கலாங்க' என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் என்ன உருவம் வைக்கலாம் என்று தீபாவளி வரைக்கும் நான் செதுக்கிக்கொண்டே இருப்பேன்.